இரண்டு புத்தகம் வாசித்தும் மனசு ஏன் ஆறவில்லை?

மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அம்மா இறந்து ஏழு மாதம். கடந்த இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போதே கண் கலங்கிவிடுகிறது. வைத்தியசாலைக்குப் போனால் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும், "டீச்சருக்கு மண்டை சரியில்லையாம்" என்று பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள் என்று பயம். கொழும்பில் கடையில் வேலை செய்கிற தம்பி தன்னம்பிக்கைப் புத்தகம் நான்கு வாங்கிக் கொடுத்திருக்கிறான். இரண்டை வாசித்து முடித்திருக்கிறார். "வாசித்த பிறகு முன்பைவிட மோசமாக இருக்கிறது. இந்தப் புத்தகங்களால் மனசு குணமாகுமா, இல்லை நான் வாசிக்கிற விதம் பிழையா?" என்று முடித்திருக்கிறார்.

தங்கச்சி, நீங்கள் கேட்டது புத்தகம் மருந்தாகுமா என்று. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: யாருக்கும் தெரியாமல் நானே இதைச் சரிசெய்துகொள்ள முடியுமா, முடியாவிட்டால் அது என் குற்றமா? அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் குற்றம் இல்லை. வாசித்த விதமும் பிழை இல்லை. ஏன் அப்படி ஆனது என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவை ஓரளவு ஆராயப்பட்டும் இருக்கின்றன.

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். 19 வருடமாக உளவளத்துணையாளராக மலையகத்தில் வேலை செய்கிறேன். வைத்தியர் இல்லை, மருந்து எழுத எனக்கு உரிமை இல்லை. உங்களை நேரில் பார்க்காமல் உங்களுக்கு இன்னது என்று பெயர் வைக்கவும் மாட்டேன். ஆனால் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர். அந்த அனுபவமும் படித்த படிப்பும் சொல்வதைச் சொல்கிறேன்.

முதலில், வாசித்ததும் ஏன் மோசமானது. மனச்சோர்வு முதலில் பிடுங்குகிற விஷயங்களில் ஒன்று கவனம். ஒரே வரியை நாலு தரம் வாசித்தும் உள்ளே போகாது. அப்போது "ஒரு புத்தகம்கூட ஒழுங்காக வாசிக்க முடியவில்லையே" என்று இன்னொரு பாரம் சேரும். அது சோம்பேறித்தனம் இல்லை. காய்ச்சல்காரருக்கு வாய் கசப்பதுபோல, வருத்தத்தின் குணம்.

இரண்டாவது, இப்படியான புத்தகங்களில் அநேகமானவை கண்ணாடி முன் நின்று நல்ல வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லும். "நான் அன்புக்குரியவள், நான் வெற்றி பெறுவேன்" என்று. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஜோன் வுட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். தன்னைப் பற்றி ஏற்கனவே நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு அந்த வாக்கியம் கொஞ்சம் இதமாக இருந்தது. தன்மதிப்புக் குறைந்திருந்தவர்களுக்கோ சொல்லச் சொல்ல மனநிலை இன்னும் கீழே போனது. வாய் ஒன்று சொல்ல, உள்ளே இருக்கும் மனசு "பொய் சொல்கிறாய்" என்று பதில் சொல்கிறது. யாருக்கு உதவ வேண்டும் என்று அந்த வாக்கியம் எழுதப்பட்டதோ அவர்களைத்தான் அது குத்துகிறது. உங்களுக்கும் அதுவே நடந்திருக்கலாம்.

மூன்றாவதை நம் மலைக்கு வெளியே இருப்பவர்கள் அவ்வளவாக யோசிப்பதில்லை. "எல்லாம் உன் எண்ணத்தில்தான் இருக்கிறது" என்று எழுதுகிறவர் நல்ல மனதோடுதான் எழுதுகிறார். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் ஆறு பேர் படுக்கிற வீட்டில், மழை வந்தால் தகரத்துக்குக் கீழே வாளி வைக்கிற வீட்டில் அதை வாசிக்கிறவருக்கு அது வேறு மாதிரிக் கேட்கும். சம்பளம் போதாததும் அம்மாவை நேரத்துக்கு வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்காததும் எண்ணத்தில் விழுந்த பிழை இல்லை. அவை உண்மையான கஷ்டங்கள். கஷ்டத்துக்கு அழுவது இயல்பு. அந்தக் கஷ்டத்தின் மேலேயே "நீ ஒன்றுக்கும் உதவாதவள், உன்னால்தான் அம்மா போனாள்" என்று மனசு கட்டுகிற கதை வேறு. நல்ல புத்தகம் ஒன்று உதவக்கூடிய இடம் அந்தக் கதைதான். கூரை ஒழுகுவதைப் புத்தகத்தால் நிறுத்த முடியாது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத புத்தகத்தைத் துணிந்து மூடி வைத்துவிடுங்கள்.

சரி, அப்படியானால் புத்தகத்தால் பயனே இல்லையா? இருக்கிறது. நிச்சயமாகத் தெரிந்ததும் இருக்கிறது, சந்தேகமானதும் இருக்கிறது.

வாசிப்பை மருந்துபோலப் பார்ப்பது புதிதில்லை. அதற்கென்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லை அமெரிக்கக் கட்டுரையாளர் சாமுவேல் குரோதர்ஸ் 1916இல் ஒரு மாதச் சஞ்சிகையில் எழுதினார். ஆனால் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தது பின்னால்தான். ஆரோன் பெக் என்ற மனநல வைத்தியர் 1960களில் உருவாக்கிய சிந்தனை, நடத்தை சார்ந்த சிகிச்சை முறையை டேவிட் பர்ன்ஸ் என்ற வைத்தியர் சாதாரண மக்களுக்குப் புரிகிற மாதிரி 1980இல் 'ஃபீலிங் குட்' என்ற புத்தகமாக எழுதினார். அலபாமா பல்கலைக்கழகத்தில் ஃபாரஸ்ட் ஸ்கோகினும் அவருடைய குழுவும், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு மாதம் பார்த்தார்கள். ஒன்றும் பெறாமல் காத்திருந்தவர்களைவிட வாசித்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். இது ஒரு தடவை மட்டும் கிடைத்த முடிவும் இல்லை.

அந்த ஆய்வுகளில் பலர் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் இருக்கிறது, அதை அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் அவர்களுக்குத் தொலைபேசி எடுத்தார். ஆலோசனை சொல்வதற்கு இல்லை. எவ்வளவு வாசித்தீர்கள், ஏதாவது விளங்கவில்லையா, எப்படி இருக்கிறீர்கள் என்று சில நிமிஷம் கேட்பதற்கு. பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே கதைதான்: துணைக்கு ஒருவர் இருந்து செய்கிற சுய உதவி, தனியாக வாசிப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது. பிரித்தானியாவின் சிகிச்சை வழிகாட்டி 2022இல் புதுப்பிக்கப்பட்டபோது, கடுமை குறைந்த மனச்சோர்வுக்கு முதலில் யோசிக்க வேண்டியவற்றில் ஒன்றாகத் துணையோடு செய்யும் சுய உதவியைச் சொன்னது. அங்கே வேல்ஸில் நீல் ஃப்ரூட் என்ற உளவியலாளர் தொடங்கிய ஒரு முறையில், வைத்தியர் மருந்துச் சீட்டு எழுதுவதுபோலப் புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுப்பார், நூலகத்தில் போய் எடுத்துக்கொள்ளலாம். 2013இலிருந்து இங்கிலாந்து நூலகங்களிலும் அப்படி ஒரு திட்டம் நடக்கிறது.

இது நிச்சயமான பக்கம். இன்னொரு பக்கம், கடையில் அடுக்கி வைத்திருக்கும் தன்னம்பிக்கைப் புத்தகங்களில் மிகப் பெரும்பாலானவை ஒருபோதும் இப்படிச் சோதிக்கப்படாதவை. ஊக்கம் தருவதும் நோயைத் தணிப்பதும் ஒன்றல்ல. எம். எஸ். உதயமூர்த்தியின் எழுத்தை வாசித்துப் படிப்பில் முன்னேறியவர்கள் எங்கள் தலைமுறை ஆசிரியர்களில் பலர் உண்டு, அவர்களுக்கு அது வழிகாட்டியாக இருந்தது. ஆனால் ஓட உடம்பு நன்றாக இருப்பவரை ஓடத் தூண்டுகிற எழுத்து அது. கால் முறிந்து கிடக்கிறவரிடம் அதே வார்த்தையைச் சொன்னால் அவருக்கு வலிதான் மிஞ்சும்.

என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். உயர்தரப் பரீட்சை சரியாக வராமல் மனமுடைந்திருந்த பையன் ஒருவன் வந்தான். படிக்கிற பிள்ளைதானே என்று நல்ல புத்தகம் ஒன்றைக் கொடுத்து, ஒரு மாதம் கழித்து வரச் சொன்னேன். நடுவில் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவன் மாதம் கழித்து வந்தான், மெலிந்து போய். புத்தகத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, ஒரு மடிப்புக்கூட விழாமல் திருப்பித் தந்தான். 31ஆம் பக்கத்தோடு நின்றுவிட்டதாகச் சொன்னான். அந்தப் பக்கத்தில் ஒரு பயிற்சி இருந்தது, அது விளங்கவில்லை. விளங்காததைக் கேட்க வெட்கம். "நீங்கள் குடுத்த புத்தகமே எனக்குச் சரிவரல்ல மிஸ், இனி எதுதான் சரிவரும்?" என்று கேட்டான். அவனை அன்றே மனநல வைத்திய அதிகாரியிடம் கூட்டிப் போனோம், பிறகு நன்றாக வந்தான். அதற்குப் பிறகு நான் புத்தகம் கொடுத்தால் மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பும் சேர்த்தே கொடுக்கிறேன்.

இன்னொருவர் கொழுந்தெடுக்கிற அம்மா. யாரென்று தெரியாதபடி சிலதை மாற்றிச் சொல்கிறேன். கணவர் இறந்த பிறகு மலைக்குப் போகாமல் காம்பராவுக்குள் சுருண்டு கிடந்தவர். வாசிக்கத் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற மகள் இருந்தாள். நாங்கள் தயாரித்த எட்டுப் பக்கத் தாளை அவளிடம் கொடுத்தேன். இரவில் இஸ்தோப்பு (வீட்டு முன் திண்ணை) வெளிச்சத்தில் ஒரு பக்கத்தை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதில் இருந்த வேலை, நாளுக்கு ஒரு சின்னக் காரியம் செய்வது. மனசு வந்த பிறகு செய்வோம் என்று காத்திருக்காமல், செய்துவிட்டு மனசு வருகிறதா என்று பார்ப்பது. முதல் நாள் காரியம் மகளுக்குத் தலை பின்னிவிடுவது. இரண்டாம் நாள் பீலிக்குப் போய்த் தானே குளித்து வருவது. செய்த நாளுக்குக் கடையில் கொடுத்த கலண்டரில் பென்சிலால் ஒரு கோடு. ஆறு வாரம் கழித்து அந்தக் கலண்டரைச் சுருட்டி ஷொப்பிங் பேக்கில் போட்டுக் கொண்டுவந்தார். முதல் வாரம் இரண்டு கோடு, மூன்றாம் வாரம் நான்கு, நடுவில் ஒரு வாரம் ஒன்றுமே இல்லை, பிறகு மறுபடி ஐந்து. ஒரு செவ்வாய்க்கிழமைக் கட்டத்துக்குள் மகள் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்: "அம்மா சிரிச்சிச்சி". அவருக்கு மருந்தும் போய்க்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாப் புகழையும் எட்டுப் பக்கத் தாளுக்குக் கொடுத்தால் அது பொய்.

வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் இது முடியும் என்பதற்கு இன்னும் பலமான சான்று ஆப்பிரிக்காவில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் மன அழுத்தத்துக்காகப் படங்கள் நிறைந்த ஒரு புத்தகமும், கூடவே கேட்கிறதற்கு ஒலிப்பதிவும் தயாரித்தது. உகாண்டாவில் அகதிகளாக இருந்த தென் சூடான் பெண்கள் சுமார் 700 பேரை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து அமர்வு, நடத்தியவர்கள் வைத்தியர்கள் இல்லை, குறுகிய பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பங்குபற்றிய பெண்களின் மன உளைச்சல் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. 2020இல் அந்த முடிவு வெளிவந்தது. அதே வருடம் அந்தப் படப் புத்தகத்தை ('Doing What Matters in Times of Stress' என்பது அதன் ஆங்கிலப் பெயர்) யாரும் இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படியும் செய்தார்கள். வார்த்தை குறைவு, படம் அதிகம். கவனம் நிற்காமல் இருக்கும் உங்களுக்கு, தம்பி வாங்கித் தந்த தடிப் புத்தகங்களைவிட அது ஏற்றது என்பது என் அபிப்பிராயம்.

தமிழிலேயே வேண்டுமென்றால், யாழ்ப்பாணத்து மனநல வைத்தியர்கள் தயா சோமசுந்தரமும் சிவயோகனும் நம் நாட்டு மக்களின் இழப்பையும் துயரத்தையும் கண்டு, நம் ஆட்களுக்காகத் தமிழில் எழுதியிருக்கிறார்கள். இலங்கைத் தமிழ் நூல்களைத் திரட்டி வைத்திருக்கும் 'நூலகம்' இணையத் தளத்திலும், பக்கத்து நகரத்து நூலகத்திலும் உளநலம் என்ற தலைப்பில் தேடிப் பாருங்கள். பெயர் போட்டு இந்தப் புத்தகம்தான் என்று நான் சொல்லாததற்குக் காரணம், எது கையில் கிடைத்தாலும் அதை எடை போட உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். எழுதியவர் யார், இந்த வேலையைச் செய்தவரா என்று பின் அட்டையைப் பாருங்கள். எந்த நிலையில் வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே எங்காவது சொல்லியிருக்கிறதா? செய்து பார்க்கப் பயிற்சி இருக்கிறதா, இல்லை வெற்றி பெற்றவர்களின் கதை மட்டும்தானா? மருந்தைத் தூக்கிப் போடு என்று சொன்னால் அந்தப் புத்தகம் ஆபத்து, வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம்.

"21 நாளில் புது மனுஷி" என்று அட்டையில் போட்டிருந்தால் அதையும் நம்பாதீர்கள். அந்த 21 நாள் கணக்கு, மெக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற முக அறுவைச் சிகிச்சை வைத்தியர் தன் நோயாளர்கள் புது முகத்துக்குப் பழக எடுத்த காலத்தைப் பார்த்து 1960இல் எழுதியதிலிருந்து பரவியது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு சின்னப் பழக்கம் தானாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் என்று கணக்கு வந்தது. 22ஆம் நாள் நீங்கள் அதே ஆளாக இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அடுத்தது, வேறு ஊர் வாழ்க்கைக்கு எழுதியதை நம் ஊருக்கு மாற்றி எடுப்பது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, இதைத்தான் நான் வேலையில் அதிகம் செய்கிறேன். "அமைதியான தனி அறையில் 20 நிமிஷம் கண்ணை மூடி உட்காருங்கள்" என்று இருக்கும். லயத்தில் தனி அறைக்கு எங்கே போவது? அடுத்த காம்பராவில் இருமினாலே இங்கே கேட்கும். முன்பள்ளிப் பிள்ளைகள் போன பிறகு, கதவைச் சாத்துவதற்கு முன் பத்து நிமிஷம் உங்களுக்குக் கிடைக்குமே, அது போதும். "உங்களைக் காயப்படுத்துகிறவர்களை வாழ்க்கையிலிருந்து விலக்குங்கள்" என்று இருக்கும். ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிற சனத்தை எப்படி விலக்குவது? அந்தப் பேச்சு வரும்போது வாளியைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடுவது என்று அதை மாற்றிக்கொள்ளலாம்.

தூக்கத்துக்குப் புத்தகங்கள் சொல்கிற வழிகளில் நன்றாகச் சோதிக்கப்பட்டவை உண்டு. தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் படுக்கையை விட்டு எழும்பி வேறு இடத்தில் உட்கார வேண்டும் என்பது ஒன்று. இடமில்லாத வீட்டில், போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால்கூடப் போதும். படுத்துக்கொண்டே யோசிப்பதை உடைப்பதுதான் நோக்கம். காலையில் ஒரே நேரத்தில் எழும்புவது இன்னொன்று. பெரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகிற வீடுகளில் விடிய ஐந்து மணிக்கே சத்தம் தொடங்கிவிடும், அந்த நேரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள், இரவு தூங்கவில்லை என்று பகலில் படுக்காதீர்கள். அப்புறம் தேத்தண்ணீர். நாம் தேயிலைக்குள் பிறந்தவர்கள், இரவு எட்டு மணிக்கும் கடும் சாயம் குடிப்போம். அதில் உள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஆகும். பகல் இரண்டு மணிக்குப் பிறகு சாயத்தை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். இந்த ஒன்றைச் செய்தே தூக்கம் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மனதில் உள்ளதை எழுதித் தீர்ப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான்கில் ஒரு புத்தகமாவது அதைச் சொல்லும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிஷம், மனதை வருத்திய சம்பவத்தை எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்தால் பயன் இருக்கிறது, ஆனால் சின்னப் பயன், எழுதின உடனே மனசு இன்னும் கனக்கும். அதனால் அம்மாவின் கடைசி நாட்களை இரவில் தனியே உட்கார்ந்து எழுதச் சொல்லி ஒரு புத்தகம் சொன்னால், இப்போதைக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போங்கள். கூட ஆள் இருக்கும்போது, பகலில் செய்யலாம்.

கதை வாசிப்பது குணமாக்குமா என்றும் கேட்பார்கள். அதற்குச் சான்று பலமாக இல்லை. ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. நம் மலையக எழுத்தாளர்களின் கதையில் நம் லயமும் நம் பேச்சும் வரும்போது, "இப்படி அழுதது நான் மட்டும் இல்லை" என்று ஒரு மூச்சு விட முடிகிறது. எங்கள் பாட்டிமார் சாவு வீட்டில் ஒப்பாரி வைத்து, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அதைத்தான் செய்தார்கள். உங்கள் அம்மாவுக்கு நீங்கள் வாய்விட்டு அழுதீர்களா, இல்லை படித்த பிள்ளை, டீச்சர் என்று அடக்கிக்கொண்டீர்களா? இதற்குப் பொது இடத்தில் பதில் எழுத வேண்டாம், உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள்.

இனி வைத்தியசாலை. அம்மா போன துக்கம் நோய் இல்லை, ஏழு மாதத்தில் அது ஓய வேண்டும் என்று சட்டமும் இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும், மனசு விழுந்தும் எதிலும் பிடிப்பில்லாமலும் இருந்தால், கூடவே தூக்கமும் சாப்பாடும் போனால், அதை ஒருவர் நேரில் பார்க்க வேண்டும் என்பது எல்லா நாட்டு வைத்தியர்களும் ஒத்துக்கொள்கிற அளவுகோல். உங்களுக்கு இரண்டு மாதம். அதனால் புத்தகம் இருக்கட்டும், வைத்தியரையும் பாருங்கள். இரத்தமும் சோதிக்க வேண்டும். நம் பெண்களில் இரத்தச்சோகை நிறைய. தைரொயிட் குறைந்தாலும் இதே மாதிரிச் சோர்வும் மனத்தளர்வும் வரும். அதை எந்தத் தன்னம்பிக்கைப் புத்தகமும் கண்டுபிடிக்காது.

ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. உங்களுக்குத் தொழில், பெயர் இரண்டும் அதில் இருக்கிறது. அதனால் வழி சொல்கிறேன். பக்கத்து வைத்தியசாலைக்கே போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நுவரெலியா, பேராதனை, பதுளை என்று தூரத்துப் பெரிய அரச வைத்தியசாலைகளிலும் மனநலக் கிளினிக் இருக்கிறது, காசு இல்லை. இரத்தம் சோதிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் அது பொய்யும் இல்லை. வைத்தியரோ நாங்களோ நீங்கள் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது, அது எங்கள் தொழில் கடமை. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் வேறு ஒருவரைச் சேர்த்துக்கொள்வோம், அதையும் உங்களிடம் சொல்லித்தான் செய்யப் பார்ப்போம். மருந்து தந்தால் பயப்பட வேண்டாம். மனச்சோர்வுக்குத் தருகிற குளிசைகள் போதை இல்லை, வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரமாவது எடுக்கும், நீங்களாக இடையில் நிறுத்தக் கூடாது.

ஒன்றை மட்டும் நேராகக் கேட்கிறேன், நீங்கள் எழுதவில்லை என்றாலும். செத்துப்போனால் நல்லது, அம்மாவிடம் போய்விடலாம் என்ற நினைப்பு வருகிறதா? வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், அது அரசாங்கத்தின் தேசிய மனநல உதவிச் சேவை, தமிழிலும் பேசலாம். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால், வேறு ஒருவரிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். சாப்பாடு தண்ணீரே இறங்காவிட்டாலும், இல்லாத குரல் காதில் கேட்டாலும், தூங்காமலே பல நாள் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்தாலும் இதேதான், புத்தகத்துக்கு அங்கே வேலை இல்லை. பிள்ளை பெற்ற பிறகு இப்படி வருகிற தாய்மாருக்கும் இதையே சொல்கிறேன்.

வாசிக்காத இரண்டு புத்தகம் மிச்சம் இருக்கிறது. இரண்டையும் இரவு முழுக்க வாசித்து முடிக்கப் பார்க்காதீர்கள். நான் சொன்னபடி எடை போட்டு ஒன்றை எடுங்கள், இரண்டும் தேறாவிட்டால் அந்தப் படப் புத்தகத்தைத் தொலைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு அத்தியாயம் போதும். கையில் பென்சில், பக்கத்தில் நாற்பது பக்கக் கொப்பி. அத்தியாயத்தில் சொன்ன ஒரு காரியத்தைச் செய்த நாளுக்கு ஒரு கோடு. நாலு வாரம் கழித்துக் கோடுகளைப் பாருங்கள். தூக்கமும் சாப்பாடும் அசையாமல் அப்படியே இருந்தால், புத்தகத்தோடு நிற்காமல் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியையே கிளினிக்குக் கொண்டு போகலாம், எனக்கு யாராவது அப்படி ஒன்றைக் கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான் என்று எழுதியிருந்தீர்கள். கடையில் நின்று உழைத்த காசில் அக்காவுக்கு நாலு புத்தகம் வாங்கிய பிள்ளை அவன், என்ன செய்வது என்று தெரியாமல் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறான். அவனுக்கு இன்னும் ஒரு வேலை கொடுங்கள். "ஒவ்வொரு ஞாயிறும் எத்தனையாம் பக்கம் என்று கேள், வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்று சொல்லுங்கள். அவன் கேட்பான். இந்த ஞாயிறு அவன் கேட்கும்போது, முடிந்தால், இரவில் தூக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.